நடுநிலைப் பள்ளியில் நடுநிலை

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் வரை நடக்கும் பள்ளிக்கு நடுநிலைப் பள்ளி என்று பெயரிட்டிருக்கிறோம். தொடக்க நிலைக்கும் உயர்நிலைக்கும் நடுவே நிற்பதால் வந்த பெயர். பெயரிட்டவர்கள் அதற்குமேல் எதையும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் தமிழ் குறும்புக்கார மொழி! அந்தச் சொல்லுக்குள் வேறொரு பொருளையும் அது வைத்திருக்கிறது. வேண்டியவன், வேண்டாதவன் என்று பாராமை, ஒருபுறம் சாயாமை, கடலை மிட்டாயைப் பங்கிட்டாலும் கழனியைப் பங்கிட்டாலும் கை கோணாமை. வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே அதற்கு ஒதுக்கினார்.

சேலத்தில் பேருந்து ஏறி, மல்லூர், இராசிபுரம், புதுச்சத்திரம் வழியே நாமக்கல் வரை சன்னலோரம் அமர்ந்து சென்று பாருங்கள். மரவள்ளிக் காடு, ஜவ்வரிசி ஆலை, கோழிப்பண்ணை, லாரிப் பட்டறை. இவற்றுக்கிடையே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்றொரு பலகை. சிறிது தொலைவில் இன்னொன்று. பலகைதோறும் நடுநிலை பளிச்சிடுகிறது. பலகைக்குப் பின்னால், பள்ளிக்கு உள்ளே, அது இருக்கிறதா? இல்லையென்றால் கற்பிக்க முடியுமா?

முடியாது என்பார் உளர். நேர்மை பிறவிக் குணமாம், இரத்தத்தில் ஊறியதாம், போன பிறவியில் சேர்த்ததாம்! ஆளுக்கொரு விளக்கம். முடியும், ஆனால் பயனில்லை என்பார் வேறு சிலர். உலகம் நேர்மையாக நடக்காதபோது பிள்ளைக்கு மட்டும் அதைப் புகட்டினால், அவன் பிழைக்கத் தெரியாதவனாகிப் போவான் என்பது அவர்கள் கவலை. முதற் கூட்டத்தாருக்கு விடை சொல்ல ஒரு மாம்பழம் போதும். இரண்டாம் கூட்டத்தார் எழுப்புவது கனமான கேள்வி. அதற்குப் பின்னர் வருவோம்.

நம் நண்பர் ஒருவர் அந்தச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் சிற்றூர் ஒன்றில் ஆசிரியர். பேரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்; அவர் விருப்பத்தைக் காப்போம். பள்ளி திறந்த சூன் திங்களில் ஒருநாள் அவருடைய ஏழாம் வகுப்பில் நாம் அமர்ந்திருந்தோம். ஆறு பெஞ்சு, பெஞ்சுக்கு நான்கு பேர். ஆசிரியர் ஒரு பை மாம்பழத்தோடு வந்தார். சேலத்து மாம்பழத்துக்குச் செய்தியா சொல்ல வேண்டும்? மணம் அவருக்கு முன்பே வகுப்புக்குள் நுழைந்துவிட்டது. பெஞ்சுக்கு ஒரு பழம் வைத்தார். ஒரு சிறு கத்தியை முறைவைத்துக் கொடுத்தார். "நால்வரும் நியாயமாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

என்ன நடந்தது? ஊரில் நடப்பதே நடந்தது. கத்தி எவன் கையிலோ கதுப்பு அவன் வாயில்! கொட்டை யார் பங்குக்கு வந்தது என்று கேட்கவும் வேண்டுமோ? எதிர்த்துப் பேச வாயில்லாதவன் பங்குக்கு. இரண்டு பெஞ்சில் சண்டை, ஒன்றில் கண்ணீர்.

மறுநாளும் பழம் வந்தது. இம்முறை ஒரே ஒரு விதி: வெட்டுகிறவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அடடா, அந்தக் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும்! ஒருவன் அளவுகோலை எடுத்தான். ஒருத்தி நூல் கேட்டாள். கொட்டையில் ஒட்டியிருக்கும் சதை எவ்வளவு, அதற்கு ஈடாக எத்தனை துண்டு சேர்க்க வேண்டும் என்று ஒரு பெஞ்சில் நடந்த வழக்கை நீதிமன்றத்தார் வந்து கேட்டிருக்கலாம். முன்னாள் கதுப்பைக் கடித்த அதே சிறுவன், இன்று துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அறுத்தான்.

ஒரே இரவில் அவன் மனம் திருந்திவிட்டதா? இல்லை தோழர்களே! அதே சிறுவன், அதே கத்தி, அதே நாவூறல். மாறியது விதி ஒன்றே. இரத்தத்தில் ஊறியது என்றும் முற்பிறவிப் பயன் என்றும் பேசுவோர் இதற்கு என்ன சொல்வர்? இருபத்து நான்கு பிள்ளைகளின் முற்பிறவியும் ஒருநாளில் மாறிற்று என்பரோ? அமெரிக்க அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-ல் நீதியைப் பற்றி வெளியிட்ட பெருநூலில் இதே பங்கீட்டை எடுத்துக்காட்டாக வைக்கிறார். தான் எந்த வீட்டில், எந்தக் குலத்தில், எத்தகைய உடலோடு பிறப்போம் என்று அறியாதவனாக நின்று ஒருவன் சமுதாயத்துக்கு விதி எழுதினால், எந்தப் பங்கும் மோசம் போகாதபடி எழுதுவான் என்பது அவர் வாதம். கடைசியில் எடுப்பவன் கவனமாக வெட்டுவான். பெரும் பேராசிரியர் பல நூறு பக்கங்களில் நிறுவியதை ஏழாம் வகுப்பு அரை மணியில் தொட்டுப் பார்த்துவிட்டது.

அந்த வகுப்பு அத்துடன் முடிந்திருந்தால் நாம் மகிழ்ச்சியோடு வீடு திரும்பியிருப்போம். இக்கட்டுரையும் எழுதியிருக்க மாட்டோம். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "சார், எங்க பெஞ்சுப் பழம் சின்னது" என்றாள். ஆசிரியர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "பழத்தைப் பெஞ்சு பெஞ்சாப் பிரிச்சுக் கொடுத்தது நீங்கதானே சார்?" என்றாள்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆசிரியரும்தான்.

எவ்வளவு பெரிய கேள்வி அது! பெஞ்சுக்குள் நால்வரும் நூலால் அளந்து பங்கிட்டாயிற்று. ஆனால் பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் இடையே? பெரிய பழத்தில் கால் பங்கும் சிறிய பழத்தில் கால் பங்கும் ஒன்றாகுமா? நம் ஊர்களைப் பாருங்கள். பங்காளிகளுக்குள் கிணற்று முறை மணிக்கணக்குப் பிசகாமல் ஓடுகிறது. வரப்பு ஒரு சாண் நகர்ந்தால் வழக்கு எழுகிறது. பந்தியில் ஒருவருக்கு வடை விட்டுப்போனால் மாமன் முறைக்காரர் முகம் சுளிக்கிறார். பெஞ்சுக்குள் நடுநிலைக்குக் குறைவே இல்லை. அதே ஊரில், தெருக்கோடிக்கு அப்பால் உள்ள குடியிருப்புக்கு நிலம் ஏன் இல்லை, கிணறு ஏன் இல்லை என்று கேட்டால், "அது அப்படித்தான், ஆண்டாண்டுக் காலமாக" என்ற விடை வருகிறது. பழத்தைப் பெஞ்சுகளுக்குப் பிரித்துக் கொடுத்தவர் யார் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. எழுப்பியவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி.

அந்த வயதில் இது வியப்பன்று. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே 1932-ல் பிள்ளைகளின் அறவுணர்வைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்காக அவர் வேத நூலைப் புரட்டவில்லை. மண்ணில் அமர்ந்து கோலியாடும் சிறுவர்களிடம் ஆட்ட விதிகளைக் கேட்டுக் கற்றார். ஏழெட்டு வயதுவரை பெரியவர் சொல்வதே நியாயம். அதன்பின் பத்துப் பதினொன்று வரை எல்லாருக்கும் சமம் என்பதே நியாயம். இம்மியும் கூடக் கூடாது, குறையக் கூடாது. பதினொன்று பன்னிரண்டை ஒட்டி இன்னொரு கண் திறக்கிறது: யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்க்கத் தொடங்குகிறார்கள். பெரியவன் ஒருவனும் சிறியவன் ஒருவனும் மலையில் நெடுந்தொலைவு நடந்து களைத்தார்கள், கையில் இருந்த உணவு போதவில்லை, என்ன செய்யலாம் என்று அவர் பிள்ளைகளைக் கேட்டார். மூத்தவனுக்கே கூடுதல் என்றனர் சின்னஞ்சிறார். சரிபாதி என்றனர் அடுத்த வயதினர். சிறியவனுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம், அவன் சிறியவனல்லவா என்றனர் வளர்ந்தவர்கள். நம் கொல்லிமலை அடிவாரத்துப் பிள்ளைகளைக் கேட்டாலும் இதற்கு வெகு தொலைவில் போக மாட்டார்கள் என்றே எண்ணுகிறோம்.

ஆக, அந்தக் கண் திறக்கும் வயதும் நடுநிலைப் பள்ளியின் வயதும் ஒன்று. அந்த நேரத்தில் நாம் அதற்கு எதைக் காட்டுகிறோம்?

மனுநீதிச் சோழன் கதையைக் காட்டுகிறோம்! கன்றின்மேல் தேரேற்றிய மகன்மேல் தேரேற்றிய மன்னன். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையும் உண்டு. கதை உருக்கமானது, ஒப்புகிறோம். ஆனால் அது பிள்ளைக்கு எதைக் கற்பிக்கிறது? நீதி என்பது அரண்மனை வாயிலில் மணியாகத் தொங்குவது. அடித்தால் மன்னன் வருவான். அவன் நல்லவனாக இருந்தால் நீ பிழைத்தாய்! மன்னன் இல்லாத வகுப்பறையில், நால்வர் அமர்ந்த பெஞ்சில், நீதியைத் தானே ஆக்கிக்கொள்ள அந்தக் கதையில் வழி இருக்கிறதா? பசுவின் துயர் மன்னன் காதுக்கு எட்டியது; எட்டவே விடாமல் தடுக்கப்பட்டவர்களைப் பற்றிக் கதை பேசுகிறதா?

கதை சொல்வதைக் காட்டிலும் கணக்குப் போடச் சொல்லலாம். அந்த மன்னன் பெயரில் ஒட்டியிருக்கும் மனுவின் பெயரால் ஒரு தருமநூல் வழங்குகிறதே, அதன் எட்டாம் அத்தியாயத்திலிருந்து ஒரு கணக்கு. பிராமணனை இகழ்ந்து பேசிய சத்திரியனுக்கு நூறு பணம் தண்டம். வைசியனுக்கு நூற்றைம்பது அல்லது இருநூறு. சூத்திரனுக்கு உடல் தண்டனை. பிராமணன் இகழ்ந்து பேசினாலோ, சத்திரியனை என்றால் ஐம்பது, வைசியனை என்றால் இருபத்தைந்து, சூத்திரனை என்றால் பன்னிரண்டு. ஒரே வசைச் சொல்! விலை எத்தனை! இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, விதி எழுதியவர் கடைசியில் எடுத்தாரா, முதலில் எடுத்தாரா என்று மட்டும் கேட்டால் போதும். மாம்பழம் அறுத்த பிள்ளைகளுக்கு ஆசிரியர் விளக்கம் சொல்லத் தேவை இராது.

பழைய ஏடு, பழைய தண்டம், இப்போது எங்கே இருக்கிறது என்பர் சிலர். 1995-க்கு வாருங்கள். சேலம் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்று. தாழ்த்தப்பட்ட சமுதாயத்துச் சின்னஞ்சிறுமி ஒருத்திக்கு நாவறண்டது. மற்றச் சாதிப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த குடத்தில் நீர் எடுத்துக் குடித்தாள். ஆசிரியர் அடித்தார். அந்த அடியில் அவளுக்கு ஒரு கண்ணின் பார்வை போயிற்று. நாடு முழுதும் செய்தி பரவியது. சாத்தாராவில் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது குழாயைத் தொடக்கூடாது, ஏவலர் வந்து திறந்தால்தான் தண்ணீர், அவர் வராத நாளில் தாகம்தான் என்று அண்ணல் அம்பேத்கர் தம் இளமையை எழுதியிருக்கிறார். அதற்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து நம் சேலத்துக் குடத்திலும் அதே தண்ணீர் இருந்தது!

அந்தப் பள்ளியில் அன்று இரண்டு பாடங்கள் நடந்தன. புத்தகத்தில் ஒன்று. புத்தகத்தின் முதற் பக்கத்திலேயே தீண்டாமை பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று அச்சிட்டுக் கொடுக்கும் நாடு இது. குடத்தில் இன்னொன்று. எந்தப் பாடம் பிள்ளைகள் நெஞ்சில் நின்றிருக்கும்? அடிபட்டவள் மட்டுமா கற்றாள்? சுற்றி நின்று பார்த்த பிள்ளைகளும் கற்றார்கள். தங்களுக்கென்று தனிக் குடம் உண்டு, அதைக் காக்கப் பெரியவர் கை ஓங்குவார் என்று கற்றார்கள். அவர்களுக்கும் கண் ஒன்று போயிற்று என்றே சொல்வோம்.

இதனால்தான், நேர்மையை ஒரு பாடமாக்கி வாரத்துக்கு ஒரு மணி ஒதுக்கிவிட்டால் ஆயிற்று என்று நம்மால் இருக்க முடியவில்லை. யார் எங்கே அமர்வது, யார் கூட்டுவது, யார் தண்ணீர் பிடிப்பது, உதவித்தொகைப் பட்டியலை எந்தக் குரலில் படிப்பது, பெண் பிள்ளைக்கு ஏன் துடைப்பமும் ஆண் பிள்ளைக்கு ஏன் மணியடிக்கும் வேலையும்: இவையே பாடநூல். மற்றது அட்டை.

நேர்மையைப் பற்றி எழுதுகையில் எதிரணியாரிடமும் நேர்மையாக நடப்போம். சேலத்தில் வழக்கறிஞராக இருந்து 1917 முதல் 1919 வரை அந்நகராட்சித் தலைவராக விளங்கியவர் இராசகோபாலாச்சாரியார். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் முதன்முதலாகச் சேலம் நகராட்சி உறுப்பினராவதற்கு அவர் துணை நின்றார். அந்நாளில் அது சிறிய செயலன்று. அதே மனிதர் 1953-ல் முதலமைச்சராக இருந்து கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் என்ன சொல்லிற்று? சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி அரைநேரம். மீதி நேரம் குடும்பத் தொழில் பழகட்டும். பள்ளிக் கட்டடம் போதாது, ஆசிரியர் போதாது, இருவேளை வைத்தால் இரட்டிப்புப் பிள்ளைகள் படிப்பார்கள் என்ற கணக்கும் காட்டப்பட்டது. விதி எல்லாச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் ஒன்றே. ஒருவருக்கு மூன்று மணி, மற்றவருக்கு நான்கு மணி என்றில்லை. பெஞ்சுக்கு ஒரு பழம்! ஆனால் ஒருவன் வீட்டில் தொழில் என்றால் ஏடும் எழுத்தும். இன்னொருவன் வீட்டில் தொழில் என்றால் தோலும் துடைப்பமும். பழத்தின் அளவு அவர் கண்ணில் படவில்லை. நாடு கொதித்தது, 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. கெட்ட எண்ணத்தால் வந்த திட்டம் என்று பேசுவது எளிது. நல்லவர் என்று நம்பப்பட்ட ஒருவருக்கும் தம் கையில் இருக்கும் கத்தி தெரியாமற் போகும் என்பதையே நாம் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறோம். அது நமக்கும் பாடம்.

அப்படியானால் எல்லாருக்கும் ஒரே அளவு என்பதும் நேர்மையன்றா? இங்கேதான் பிள்ளைகள் மட்டுமல்ல, பேராசிரியர்களும் இடறி விழுகிறார்கள். விடை நாமக்கல்லிலேயே இருக்கிறது. பண்ணை பண்ணையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சத்துணவில் 1989-ல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010-ல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்று வளர்ந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்று, சற்று வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்று. தட்டில் சாதி தெரியாது, முட்டையில் மேல்கீழ் கிடையாது. இது சமம். ஆனால் முட்டை உண்ணாத பிள்ளையும் வகுப்பில் உண்டு. அந்தப் பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். ஏன் அவனுக்கு மட்டும் பழம் என்று எந்தப் பிள்ளையாவது போராட்டம் நடத்தியது உண்டா? உண்ணாத முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு, சமமாகக் கொடுத்துவிட்டோம் என்று கை கழுவினால் அது பங்கீடாகாது என்று ஆறாம் வகுப்புக்கே தெரிகிறது. எல்லாருக்கும் வயிறு நிறைய வேண்டும் என்பது நோக்கம். முட்டை அதற்கு வழி.

சோற்றுத் தட்டில் புரிவது தேர்வுத் தாளில் ஏன் புரிவதில்லை? நாமக்கல் பக்கத்துக்கு இன்னொரு புகழும் உண்டு. விடுதியில் வைத்து, விடியுமுன் எழுப்பி, மதிப்பெண்ணுக்கென்றே பிள்ளைகளை வளர்க்கும் தனியார் பள்ளிகள். பிராய்லர் பள்ளி என்று ஊரார் வைத்த பட்டப்பெயரில் பாதி கேலி, பாதி பொறாமை. அங்கே கட்டணம் கட்ட முடிந்தவன் பிள்ளையும், ஓர் ஆசிரியர் மூன்று வகுப்பைப் பார்க்கும் ஊர்ப்பள்ளிப் பிள்ளையும் ஒரே தேர்வு எழுதினர். ஒரே தாள், ஒரே மூன்று மணி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடம் என்று 2020-ல் தமிழ்நாடு சட்டம் இயற்றியபோது, சலுகை, தகுதிக்குக் கேடு என்ற கூச்சல் எழுந்தது. உயர் நீதிமன்றம் 2022-ல் அச்சட்டம் செல்லும் என்றது. ஆறாம் வகுப்பு முதல் என்ற சொற்களைக் கவனியுங்கள். பெஞ்சுக்குப் பழம் பிரிப்பது அங்கேயே தொடங்கிவிடுகிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. கோலியாட்டத்தில் சின்னப் பையனை இரண்டடி முன்னே நின்று எறிய விடுகிறான் பெரிய பையன். ஆட்டம் கெட்டதென்று எவனும் அழுவதில்லை. அதன் பிறகே அது ஆட்டம் ஆகிறது.

இப்போது அந்த இரண்டாம் கூட்டத்தாரின் கேள்விக்கு வருவோம். நேர்மை கற்ற பிள்ளை நேர்மையற்ற ஊருக்குத்தானே திரும்ப வேண்டும்? இதை நாம் இலேசாகத் தள்ளவில்லை. அதே வகுப்பில் நடந்ததையே சொல்கிறோம். ஒரு சிறுவன் தன் பெஞ்சுத் தோழனை விடுமுறை நாளில் வீட்டுக்கு அழைத்துச் சென்றான். வெயிலில் வந்த பிள்ளைகள் தண்ணீர் கேட்டனர். பேரனுக்குச் சொம்பில் கொடுத்த பாட்டி, வந்த பிள்ளையை இரு கையையும் குவிக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றினாள். திங்களன்று சிறுவன் ஆசிரியரிடம் தனியே வந்தான். "எங்க அப்பத்தா பண்ணினது தப்பா சார்?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள், தோழர்களே? மேடையில் நிற்பதாக எண்ணிச் சொல்லாதீர்கள். உங்கள் எதிரே நிற்பவன் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அந்த அப்பத்தா தலையில் எண்ணெய் வைத்து, பள்ளிக்கு அனுப்பி, கதை சொல்லி உறங்க வைப்பவள். தவறில்லை என்றால் பொய். தவறு என்றால் அவன் வீட்டுக்குப் போகும் வழியில் முள் பரப்பியதாகும். நண்பர் சொன்னது இது: "செய்தது தப்புத்தான். அப்பத்தாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவங்க இருந்தாங்க. உனக்கு வேற சொல்லிக் கொடுக்க நாங்க இருக்கோம்." சிறுவன் நகரவில்லை. "அப்ப நான் என்ன பண்ணணும் சார்?" என்றான். அதற்கு அவரிடம் விடை இல்லை. நம்மிடம் சொன்னபோதும் இல்லை.

நமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம். அந்தப் பிள்ளையைப் போருக்கு அனுப்ப நமக்கு உரிமை இல்லை. வளர்ந்தவர் செய்ய அஞ்சும் சீர்திருத்தத்தைச் சிறுவர் தோளில் ஏற்றுவது எந்த ஊர் நடுநிலை? பிள்ளையிடம் பொய் சொல்லாதிருப்பதே ஆசிரியர் கடன். அப்பத்தாவிடம் பேச வேண்டியவர்கள் நாம். அவள் மகனிடம் பேச வேண்டியவர்கள் நாம். மன்றத்தில் முழங்கிவிட்டு வரும் நம் தோழர் வீட்டுப் புறக்கடையில், வேலைக்கு வருபவருக்கென்று தனியே கவிழ்த்து வைத்த குவளை ஒன்று இருக்குமானால், அதை எடுத்தெறியாமல் ஏழாம் வகுப்புக்கு அறவுரை எழுத நமக்குக் கை வரலாமோ? இதை எழுதும்போது நம் வீட்டு அலமாரியையும் ஒருமுறை எட்டிப் பார்த்தோம் என்பதை ஒளிக்கவில்லை.

பிழைக்கத் தெரியாதவனாகிவிடுவான் என்ற அச்சம் யாருடையது? பெரிய பழம் கிடைத்த பெஞ்சினுடையது. சின்னப் பழத்துப் பெஞ்சு நேர்மையற்ற உலகில் பிழைத்துப் பழகித்தான் இருக்கிறது. அதற்கு அது ஒன்றும் புதிய கலை அன்று. பிழைக்கத் தெரிந்த பிள்ளைகள் எப்படி ஆவார்கள் என்பதையும் கண்டோம். 2023 ஆகத்தில் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட சமுதாயத்து மாணவனை அவன் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் உடன்படித்த மாணவர்களே. தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அவர்கள் ஊர் நடப்பைப் பிசகாமல் கற்றவர்கள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. சாதி காட்டும் வண்ணக் கயிறு கையில் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, மாணவர் இருக்கை அகர வரிசையில் அமையட்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. அகர வரிசை! எவ்வளவு சின்னஞ்சிறு விதி! வெட்டுகிறவர் கடைசியில் எடுக்கட்டும் என்பதைப் போலவே சிறியது. இரண்டையும் எதிர்ப்பவர்கள் யார் என்று பார்த்தால், கத்தி இதுவரை யார் கையில் இருந்தது என்பது தெரிந்துவிடும்.

அந்தச் சிறுமிக்கு நண்பர் என்ன விடை சொன்னார் என்று கேட்பீர்கள். அன்று சொல்லவில்லை. மறுநாள் வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த வேலைப் பட்டியலைக் கிழித்தார். கூட்டுவதற்கு ஏழு பெயர், ஏழும் பெண் பிள்ளைகள். தண்ணீர் பிடிப்பதற்கு நான்கு பெயர், நான்கும் ஒரே தெருப் பிள்ளைகள். எழுதியவர் அவரேதான், எழுதும்போது எதுவும் தோன்றவில்லை என்று தலைகுனிந்து சொன்னார். புதிய பட்டியலைப் பிள்ளைகளே எழுதட்டும் என்று விட்டார். இரண்டு நாள் வாதாடினர். குலுக்கல் என்றது ஒரு கட்சி. முறை என்றது மறு கட்சி. காலில் ஊனமுள்ள பையனுக்குத் தண்ணீர் வேலை வேண்டாம், மணியடிக்கும் வேலை கொடுக்கலாம் என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் ஒப்பினர். முறைக் கட்சி வென்றது. பட்டியல் சுவரேறியது.

கடைசிப் பெஞ்சுச் சிறுமி அதை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தாள். "சார் பேர் இல்லையே" என்றாள்.

நண்பர் எழுதுகோலை எடுத்து, கூட்டுதல், வெள்ளிக்கிழமை என்பதற்கு நேரே தம் பெயரை எழுதினார். அந்த வெள்ளிக்கிழமை நாம் அங்கு இல்லை. ஆனால் கடிதம் வந்தது: அவர் கூட்டிய பிறகும் மூலையில் குப்பை இருந்ததாம், துடைப்பத்தை எப்படிப் பிடிப்பது என்று பிள்ளைகள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்களாம்.